காலியான இடத்துக்குள் ஓடியவர்: முகமது சலாவின் கோல்கள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஜனவரியில் லண்டனின் செல்சி அணியில் சேர்ந்த எகிப்து கால்பந்து வீரர் முகமது சலா, அந்த அணிக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 19 முறை களமிறங்கி 2 கோல் அடித்தார். அதே சலா 2017-18 பருவத்தில் லிவர்பூலுக்காக 52 ஆட்டங்களில் 44 கோல் அடித்தார். அவற்றில் 32 கோல்கள் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் வந்தவை. 38 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தில் அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை அது. ஆலன் ஷியரர், கிறிஸ்டியானோ ரொனால்டோ, லூயிஸ் சுவாரஸ் ஆகிய மூவரும் 31 கோலில் நின்றிருந்தார்கள். செல்சிக்காக அவர் கடைசியாக ஆடியதற்கும் இந்தச் சாதனைக்கும் நடுவே மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும்தான். ஆடிய நாடும் லீக்கும் மாறவில்லை, இடக்காலும் மாறவில்லை, வேகம் அவருக்குத் தொடக்கம் முதலே இருந்தது.

இந்த மாற்றத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் விடாமுயற்சி. அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் செல்சியிலும் அவர் உழைக்காமல் இருக்கவில்லை என்பதால், அந்தக் காரணம் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். சலாவின் வாழ்க்கையை அணி அணியாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அவருக்காக எதிரணியின் பெனால்டி பரப்பில் (கோலுக்கு முன்னுள்ள கட்டத்தில்) இடத்தைக் காலி செய்து வைத்த அணிகளில் அவர் கோல்களைக் குவித்தார். அந்த இடத்தை அவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்த அணிகளில் திணறினார். இந்தக் கட்டுரை அதைத்தான் ஆராய்கிறது. இதற்கு வலுவான சாட்சி லிவர்பூலை விடவும் எகிப்து தேசிய அணிதான்.

நக்ரிக்கிலிருந்து பாசெல் வரை

சலா 1992 ஜூன் 15 அன்று நைல் டெல்டாவின் கார்பியா மாகாணத்தில், பஸ்யூன் நகரை அடுத்த நக்ரிக் கிராமத்தில் பிறந்தார். பதினான்கு வயதில் கெய்ரோவின் அல் மொகாவ்லூன் அணியின் இளையோர் பிரிவில் இடம் கிடைத்தது. கிராமத்திலிருந்து பயிற்சி மைதானத்துக்குப் போக நாலைந்து பேருந்துகள் மாற வேண்டும். போகவே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்பவும் அதே அளவு. பள்ளியிலிருந்து பாதியில் கிளம்புவதற்கு அனுமதிக் கடிதம் வைத்திருந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் இப்படிப் போய்வந்த சிறுவன் அப்போது ஆடிக்கொண்டிருந்தது இடதுபுறத் தடுப்பு வீரர் இடத்தில்.

அந்த இடத்தை மாற்றியவர் இளையோர் பயிற்சியாளர் சயீத் அல் ஷிஷினி. என்பி அணியுடனான ஓர் ஆட்டத்தில் மொகாவ்லூன் 4-0 என வென்றும், சலா மட்டும் அழுதுகொண்டிருந்தார். பின்னாலிருந்து ஓடிவந்து பலமுறை கோல்கீப்பரை நேருக்கு நேர் சந்தித்தும் ஒரு கோல் கூட அடிக்க முடியாமல் போனதுதான் காரணம். கோலுக்காக அழும் ஒருவனைத் தடுப்பு வரிசையில் வைத்திருப்பதில் பொருளில்லை என்று கண்ட அல் ஷிஷினி அவரை வலது ஓரத்துக்கு மாற்றினார். இடக்கால் ஆட்டக்காரரை வலது ஓரத்தில் நிறுத்தினால், பந்தோடு உள்நோக்கித் திரும்பும்போது கோல் முழுவதும் அவருடைய வலுவான காலுக்கு எதிரே திறந்து கிடக்கும். சலாவின் பிற்காலக் கோல்களில் பெரும்பகுதிக்கு விதை இந்த ஒரு முடிவில் இருக்கிறது.

2012 பிப்ரவரி 1 அன்று போர்ட் சயீத் மைதானத்தில் நடந்த வன்முறையில் 74 பேர் இறந்தார்கள். எகிப்தின் லீக் போட்டி நிறுத்தப்பட்டது. ஆட இடமில்லாத நிலையில், எகிப்தின் 23 வயதுக்குட்பட்டோர் அணி மார்ச் 16 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் அணியுடன் ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. இரண்டாம் பாதியில் மாற்று வீரராக இறங்கிய சலா இரண்டு கோல் அடிக்க, எகிப்து 4-3 என வென்றது. சில வாரங்களில் பாசெல் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது.

பாசெலில் அவருக்கு லீக் பட்டமும் ஐரோப்பியப் போட்டிகளில் பெயரும் கிடைத்தன. கோல்கள் அதிகம் கிடைக்கவில்லை. சுவிஸ் லீக்கில் 47 ஆட்டங்களில் 9 கோல். கோல்கீப்பரை நேருக்கு நேர் சந்தித்தும் பந்தை வெளியே அடித்துவிடும் வேகக்காரர் என்ற பெயரும் அப்போது அவருக்கு இருந்தது. ஆனால் செல்சிக்கு எதிராக மட்டும் அவர் வேறு ஆளாக இருந்தார். 2013-ல் யூரோப்பா லீக் அரையிறுதியில் லண்டனில் கோல் அடித்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் சாம்பியன்ஸ் லீக் பிரிவு ஆட்டங்கள் இரண்டிலும் பாசெல் செல்சியை வென்றபோது, இரண்டிலும் அவர் கோல் இருந்தது. அந்த ஆட்டங்களில் பாசெல் பின்வாங்கி நின்று, செல்சி முன்னேறி வந்து விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சலாவை ஓடவிட்டது. செல்சி தன்னைக் காயப்படுத்தியவரை விலைக்கு வாங்கியது. அவர் எந்தச் சூழலில் காயப்படுத்தினார் என்பதைச் சேர்த்து வாங்க முடியவில்லை.

செல்சி: மறுதரப்பின் நியாயம்

லிவர்பூலும் அந்த ஜனவரியில் சலாவுக்காகப் பேச்சு நடத்தியது, செல்சி முந்திக்கொண்டது. பயிற்சியாளர் ஜோசே மொரீன்யோவிடம் ஓரத்தில் ஆட ஏற்கெனவே எடன் அசார், வில்லியன், ஆஸ்கர், ஆந்த்ரே ஷூர்லே ஆகியோர் இருந்தார்கள். அங்கே ஓர ஆட்டக்காரரின் முதல் கடமை, எதிரணியின் தடுப்பு வீரர் முன்னேறும்போது அவரைத் தொடர்ந்து தன் பெனால்டி பரப்பு வரை ஓடி வருவது. பந்து கிடைக்கும் நேரத்தில் கோல் எழுபது எண்பது மீட்டர் தள்ளி இருக்கும். எதிரணிகளோ செல்சியிடம் ஆழமாகப் பின்வாங்கி நின்றன. நெருக்கமான கூட்டத்துக்குள் நின்ற நிலையிலிருந்து ஒருவரை ஏமாற்றிக் கடப்பது அசாரின் கலை. ஓட்டத்திலேயே பந்தை வாங்கிக்கொண்டு பாய்வது சலாவின் கலை. 2014 மார்ச் 22 அன்று ஆர்சனலை 6-0 என வீழ்த்திய ஆட்டத்தில் செல்சிக்கான தன் முதல் கோலை அடித்தார். எதிரணி குலைந்து, இடம் திறந்து கிடந்த ஆட்டம் அது.

மொரீன்யோ அவரை வீணடித்தார் என்று இன்று எழுதுவது எளிது. அப்போது 21, 22 வயதில் லண்டனில் இருந்த சலா, அந்த அணியின் தேவைக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்பதும் உண்மைதான். இரு தரப்பையும் குறை சொல்லாமல், பொருந்தாத ஏற்பாடு என்று அதைக் கொள்வதே சரியாகப் படுகிறது.

2015 பிப்ரவரியில் அவர் இத்தாலியின் ஃபியோரென்டினாவுக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பப்பட்டார். அங்கே 74 என்ற எண்ணுள்ள சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். போர்ட் சயீத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கை அது. தன்னை வெளிநாட்டுக்கு அனுப்பிய அந்தத் துயரத்தை அவர் முதுகில் சுமந்து ஆடிய அந்த நான்கு மாதங்கள், அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் பாதிக்கும் பகுதி. அந்தக் காலத்தில் 26 ஆட்டங்களில் 9 கோல் அடித்தார். இத்தாலியக் கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டத்தில், தூரினில் யுவென்டஸை 2-1 என வீழ்த்திய இரண்டு கோலும் அவருடையவை. அவற்றுள் முதலாவது, தன் பாதியிலிருந்தே பந்தோடு ஓடி முடித்தது.

அடுத்து ரோமா. முதலில் கடனாகவும், 2016-ல் நிரந்தரமாகவும். ரோமாவின் மைய முன்கள வீரர் எடின் ஜெக்கோ உயரமானவர். எதிரணியின் நடுத்தடுப்பு வீரர்கள் இருவரின் கவனத்தையும் தன்மேல் கட்டிவைத்திருப்பார். அவர்களுக்குப் பின்னால் பாயும் வேலை சலாவுக்கு வந்தது. 2016-17 பருவத்தில் இத்தாலிய லீக்கில் அவர் 15 கோல் அடித்து, 11 கோலுக்கான பாஸ்களையும் கொடுத்தார். ஜெக்கோ 29 கோலுடன் லீக்கின் முதலிடம் பெற்றார்; ரோமா 87 புள்ளிகளுடன் இரண்டாமிடத்தில் முடித்தது. சலாவின் கோல் எண்ணிக்கை உயரத் தொடங்கியது இங்கேதான். ஆனாலும் ரோமாவில் அவர் இரண்டாம் ஆள். தாக்குதலின் முடிவுப் புள்ளி ஜெக்கோவாகவே இருந்தார்.

லிவர்பூல்: முடிவுப் புள்ளி மாறியது

2017 ஜூனில் லிவர்பூல் ஏறத்தாழ 4.2 கோடி யூரோ கொடுத்து அவரை வாங்கியது. பயிற்சியாளர் யூர்கன் கிளாப் முதலில் விரும்பியது ஜெர்மானிய வீரர் யூலியன் பிராண்டை என்பதும், மைக்கேல் எட்வர்ட்ஸ் தலைமையிலான வீரர் தேர்வுக் குழுவும் இயன் கிரஹாமின் தரவு ஆய்வுப் பிரிவும் சலாவை வலியுறுத்தின என்பதும் பின்னாளில் வெளிவந்தன. செல்சியில் தோற்றவர் என்ற முத்திரையைத் தாண்டி, இத்தாலியில் அவர் எங்கே பந்து வாங்கினார், எத்தனை வாய்ப்புகளை உண்டாக்கினார் என்று பார்த்ததால்தான் அந்த முடிவு சாத்தியமானது.

லிவர்பூலின் ஏற்பாட்டைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் 44 கோல்களின் விளக்கம் அதில்தான் இருக்கிறது. மைய முன்கள வீரர் இடத்தில் பெயருக்கு இருந்தவர் பிரேசிலின் ராபர்ட்டோ ஃபிர்மீனோ. அவர் எதிரணியின் பெனால்டி பரப்பில் நிற்காமல் நடுக்களத்தை நோக்கி இறங்கி வருவார். எதிரணியின் நடுத்தடுப்பு வீரர் அவரைப் பின்தொடர்ந்தால் தடுப்பு வரிசையில் ஓட்டை விழும். பின்தொடரவில்லையென்றால் ஃபிர்மீனோ தடையின்றித் திரும்பி பாஸ் கொடுப்பார். இரண்டில் எது நடந்தாலும் வலதிலிருந்து சலாவும் இடதிலிருந்து சாடியோ மானேயும் அந்த நடு இடத்தை நோக்கிச் சாய்ந்து ஓடினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஓரங்களை இருபுறத் தடுப்பு வீரர்கள் முன்னேறி வந்து நிரப்பியதால், எதிரணியின் ஓரத் தடுப்பாளர்கள் உள்ளே சுருங்கி வந்து சலாவை அடைக்க முடியாமல் திண்டாடினார்கள். காகிதத்தில் வலது ஓர வீரர் என்று எழுதப்பட்டிருந்தாலும், தாக்குதல் முடியும் நேரத்தில் அந்த அணியின் உண்மையான மைய முன்கள வீரர் சலாதான்.

கிளாப்பின் இன்னொரு ஏற்பாடு, பந்தை இழந்த நொடியிலேயே அதைத் திரும்பப் பறிக்க மூவரும் முன்களத்திலேயே பாய்வது. செல்சியில் சலாவின் தடுப்புப் பணி அவரைத் தன் கோலை நோக்கி இழுத்தது. லிவர்பூலில் அதே பணி அவரை எதிரணியின் கோலுக்கு அருகில் வைத்தது. அவர் ஓடிய ஓட்டம் குறைந்துவிடவில்லை. ஓடிய திசை மாறியது.

பலன் உடனே தெரிந்தது. வாட்ஃபோர்டுடனான முதல் லீக் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2018 மார்ச்சில் அதே அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு. 2017 டிசம்பரில் எவர்டனுக்கு எதிராக, வலது ஓரத்தில் பந்தை வாங்கி இருவரைக் கடந்து உள்ளே வெட்டி, இடக்காலால் தூர மூலையில் சேர்த்த கோல், ஆண்டின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருது பெற்றது. அல் ஷிஷினி பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த முடிவின் படவிளக்கம் போன்ற கோல் அது. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் தன் பழைய ரோமாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்து, இரண்டு கோலுக்கு பாஸும் கொடுத்தார், எதையும் கொண்டாடவில்லை. அந்த 32 லீக் கோல்களில் பெனால்டி ஒன்றே ஒன்று. ஒரே பருவத்தில் சலா 44, ஃபிர்மீனோ 27, மானே 20 என மூவரும் சேர்ந்து 91 கோல் அடித்தார்கள். அந்த மூன்று எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஃபிர்மீனோவின் இறக்கம் இல்லாமல் சலாவின் ஏற்றத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

2018 மே 26 அன்று கீவ் நகரில் ரியல் மாட்ரிட்டுடனான சாம்பியன்ஸ் லீக் இறுதியில், செர்கியோ ராமோஸுடன் சிக்கிக் கீழே விழுந்து தோள் காயமடைந்த சலா, அரை மணி நேரத்திலேயே கண்ணீரோடு வெளியேறினார். லிவர்பூல் 1-3 எனத் தோற்றது. மறு ஆண்டு மாட்ரிட்டில் டோட்டன்ஹாமுக்கு எதிரான இறுதியில், இரண்டாம் நிமிடத்திலேயே பெனால்டி கோல் அடித்து 2-0 வெற்றியைத் தொடங்கிவைத்தார். 2020-ல் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு லிவர்பூலுக்கு லீக் பட்டம் கிடைத்தது. பிரீமியர் லீக்கில் ஆப்பிரிக்க வீரர்களுள் அதிக கோல் என்ற டிடியே ட்ரோக்பாவின் 104-ஐ 2021 அக்டோபரில் ஓல்ட் டிராஃபோர்டில் அடித்த ஹாட்ரிக்கில் கடந்தார். 2022-ல் ரேஞ்சர்ஸுக்கு எதிராக 6 நிமிடம் 12 வினாடிக்குள் அடித்த மூன்று கோல்கள் சாம்பியன்ஸ் லீக்கின் அதிவேக ஹாட்ரிக். 32 கோல் சாதனையை 2022-23-ல் எர்லிங் ஹாலந்து 36 அடித்து முறியடித்தார்.

எதிர்ச்சாட்சி: எகிப்து

இடமும் ஏற்பாடும்தான் கோல்களைத் தீர்மானித்தன என்ற வாதத்துக்கு ஒரு சோதனை தேவை. அதே ஆண்டுகளில், அதே உடல்நிலையில், வேறோர் ஏற்பாட்டில் அவர் ஆடிய ஆட்டங்கள் அந்தச் சோதனையைத் தருகின்றன.

எகிப்து 2006, 2008, 2010 என அடுத்தடுத்து மூன்று முறை ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. சலா தேசிய அணியில் முதன்முதலாக ஆடியது 2011 செப்டம்பரில். பொற்காலம் முடிந்து வாசலை அடைக்கும் நேரத்தில் அவர் உள்ளே வந்தார். 2015 முதல் 2018 வரை பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினாவின் எக்டர் கூபர், கோல் வாங்காமல் இருப்பதை முதல் கடமையாகக் கொண்டவர். அணி பின்வாங்கி நிற்கும். பந்து கிடைத்ததும் சலாவைத் தேடி நீண்ட பாஸ் போகும். 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் இறுதிப் பிரிவில் எகிப்து ஆறு ஆட்டங்களில் அடித்தது மொத்தம் 8 கோல். அதில் 5 சலாவுடையவை. 2017 அக்டோபர் 8 அன்று அலெக்சாந்திரியாவை அடுத்த போர்க் அல் அரப் மைதானத்தில் காங்கோவுடனான ஆட்டத்தில் 87-ஆம் நிமிடம் காங்கோ சமன் செய்ததும் சலா தரையில் சரிந்தார். பிறகு எழுந்து, 90 நிமிடங்களுக்குப் பிறகு சேர்க்கப்பட்ட நேரத்தின் ஐந்தாம் நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை அடித்தார். 1990-க்குப் பிறகு எகிப்து உலகக் கோப்பைக்குப் போனது. கோடிக்கணக்கானோர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் பந்தின் முன் தனியாக நிற்கும் அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

தோள் காயத்தோடு ரஷ்யா சென்ற அவர், உருகுவேயுடனான முதல் ஆட்டத்தில் தன் பிறந்தநாளன்று மாற்று வீரர்களின் இருக்கையிலேயே இருந்தார். அடுத்த இரண்டில் ஒவ்வொரு கோல் அடித்தும் எகிப்து மூன்று ஆட்டத்திலும் தோற்றது.

2022 தொடக்கத்தில் காமரூனில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை இன்னும் தெளிவான சான்று. கார்லோஸ் கெய்ரோஸ் பயிற்றுவித்த எகிப்து இறுதிவரை சென்றது. ஏழு ஆட்டங்களில் அது அடித்தவை 4 கோல்களே. அவற்றில் 2 சலா அடித்தவை, ஒன்று அவர் கொடுத்த பாஸில் வந்தது. கடைசி நான்கு ஆட்டங்களும் கூடுதல் அரை மணி நேரத்துக்கு நீண்டன. செனகலுடனான இறுதி கோலில்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனபோது, ஐந்தாவதாக அடிக்க வேண்டிய சலாவின் முறை வருமுன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. வென்ற செனகலில் இருந்தவர் சாடியோ மானே. லிவர்பூலில் சலாவுக்கு எதிர் ஓரத்தில் ஓடியவர். அடுத்த மாதமே உலகக் கோப்பைத் தகுதிக்கான ஆட்டத்தில் அதே செனகல், அதே பெனால்டி முறை. முகத்தில் லேசர் ஒளிக்கற்றைகள் விழ, எகிப்துக்காக முதலாவதாக அடித்த சலாவின் பந்து கோலுக்கு மேலே போயிற்று.

அந்தப் பருவத்தில் அதே சலா பிரீமியர் லீக்கில் 23 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை சன் ஹியுங் மின்னுடன் பகிர்ந்துகொண்டார். ஒரே ஆண்டில் ஒரே மனிதரின் திறமை இரண்டாகப் பிளந்துவிடுவதில்லை. எகிப்தில் அவருக்கு முன்னால் இறங்கி வரும் ஃபிர்மீனோ இல்லை, ஓரத்தை நிரப்ப முன்னேறும் தடுப்பு வீரர் இல்லை. இரண்டு மூன்று பேர் அவரை மட்டும் சூழ்ந்து நின்றால் போதும் என்று எல்லா எதிரணிக்கும் தெரிந்திருந்தது. தேசிய அணிக்காக அவர் மனதைக் கொடுத்து ஆடுவதில்லை என்று சொல்பவர்களின் பேச்சை இதனால்தான் என்னால் ஏற்க முடிவதில்லை.

ஸ்லாட்டின் பருவம்

2024-ல் கிளாப் விலகி ஆர்னே ஸ்லாட் வந்தபோது சலாவுக்கு 32 வயது. ஃபிர்மீனோவும் மானேயும் போய்விட்டார்கள். முந்தைய இரு பருவங்களில் லீக்கில் 19, 18 கோல் என இறங்கியிருந்தார். இந்த வயதில் பழைய ஓட்டத்தை எதிர்பார்க்க முடியாது. ஸ்லாட் அதை எதிர்பார்க்கவும் இல்லை. தடுப்புப் பணியிலிருந்து தனக்கு ஓய்வு கொடுத்தால் தாக்குதலில் ஈடுசெய்வேன் என்று பயிற்சியாளரிடம் தானே சொன்னதாக சலா பின்னர் கூறினார். அவர் வலது ஓரத்தில் எதிரணியின் கோல் பக்கமாகவே நின்றார். அவருக்குப் பின்னால் விழும் இடைவெளியை நடுக்கள வீரர்கள் நகர்ந்து மூடினார்கள். இந்த முறை இருவர் அவரைச் சூழ்ந்தபோது அவர் மோதவில்லை. தன்னைச் சூழ்ந்தவர்கள் விட்டுவந்த இடத்துக்குப் பந்தை அனுப்பினார். 29 கோல், அதில் 9 பெனால்டி. கோலுக்கான பாஸ் 18. கூட்டினால் 47. 38 ஆட்டப் பருவத்தில் வேறெவரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. நான்காவது தங்கக் காலணியும் லீக் பட்டமும் சேர்ந்தே வந்தன. லிவர்பூல் வரலாற்றில் இயன் ரஷ், ரோஜர் ஹன்ட் இருவருக்கு அடுத்த மூன்றாவது இடத்தில், 245 கோலுடன் அந்தப் பருவத்தை முடித்தார்.

முன்பு பிறர் காலி செய்து தந்த இடத்தில் ஓடியவர், இப்போது தன்மேல் ஆட்களை இழுத்துப் பிறருக்கு இடத்தைக் காலி செய்தார். ரோமாவில் ஜெக்கோவும் லிவர்பூலில் ஃபிர்மீனோவும் அவருக்குச் செய்த வேலை அது.

எகிப்திலும் இதன் சாயல் தெரியத் தொடங்கியது. 2024 தொடக்கத்தில் தேசிய அணிப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஹொசாம் ஹசன், எகிப்துக்காக அதிக கோல் அடித்தவர் என்ற சாதனையை அப்போது தன் பெயரில் வைத்திருந்தவர். சலா நெருங்கிக்கொண்டிருந்த சாதனையும் அதுவே. 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் எகிப்து அடித்த 20 கோல்களில் சலாவுடையவை 9. 2018 தகுதிச் சுற்றில் எட்டுக்கு ஐந்து என்றிருந்த பாரம் இப்போது பாதிக்கும் கீழே வந்திருந்தது. 2025 அக்டோபர் 8 அன்று காசாபிளாங்காவில் ஜிபூட்டியை 3-0 என வென்று எகிப்து தகுதி பெற்றது. காங்கோ ஆட்டம் நடந்து சரியாக எட்டு ஆண்டுகள். அன்று முதல் கோலை அடித்தவர் இப்ராகிம் அடெல். அடுத்த இரண்டும் சலாவுடையவை, இரண்டிலும் பெனால்டி இல்லை.